அத்தாவின் குரலும் ஆறரை அங்குலத் திரையும்



உங்கள் இல்லத்து அலமாரியைச் சற்றுத் திறந்து பாருங்கள். துணி அடுக்குகளுக்குப் பின்னால், பழைய நிக்காஹ் பத்திரிகைகள், காலாவதியான பாஸ்போர்ட், கண்ணாடிக் கூடு ஆகியவற்றோடு திரை கீறிய சிறிய கைபேசி ஒன்றும் கிடக்கக் காண்பீர்கள். அதில் பேசுவார் எவருமில்லை. விற்றால் நூறு ரூபாய் தேறாது. ஆயினும், எறிந்துவிடலாம் என்று சொன்னால் வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. அதிலிருந்து என் தாயார் பெரிய கைபேசிக்கு மாறிய வரலாற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். கைபேசி மாற்றுவதும் ஒரு வரலாறா என்று எண்ணிவிடாதீர்கள். உங்களில் பலர் இவ்வாண்டோ அடுத்த ஆண்டோ இதே காரியத்தைச் செய்யப் போகிறவர்கள்.

எங்கள் ஊர் தேவதானப்பட்டி. பெரியகுளத்திற்கும் வத்தலக்குண்டுக்கும் இடையில், மலையடிவாரத்தில் மாந்தோப்புகள் சூழ அமைந்த ஊர். தேனி மாவட்டத்தின் எத்தனையோ ஊர்களைப் போலவே இங்கிருந்தும் பிழைப்புக்காக வளைகுடா சென்றவர்கள் உண்டு. நான் சிறுவனாக இருந்த 1980களில், அரபு நாட்டிலிருப்பவர்கள் கேசட்டில் பேசி ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவார்கள். டேப் ரிக்கார்டரைத் திண்ணையில் வைத்து வீட்டார் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். இடையில் குரல் தழுதழுக்கும் இடம் வந்தால் பெரியவர் ஒருவர் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்வார். பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. அதன் பிறகு கைபேசி வந்தது.

என் மூத்த சகோதரர் துபையில் இருக்கிறார். 2014இல் விடுமுறையில் வந்தபோது அத்தாவுக்கு நான்கு அங்குலத் திரையுள்ள நோக்கியா லூமியா ஒன்றைக் கொடுத்துச் சென்றார். மாந்தோப்புக் குத்தகையில் காலம் கழித்த அத்தாவுக்குக் கடிதம் எழுதும் வழக்கமே கிடையாது. ஆனால் வாட்ஸ்அப்பில் 2013ஆம் ஆண்டு குரல் செய்தி அனுப்பும் வசதி வந்திருந்தது. ஒலிவாங்கியின் படத்தை விரலால் அழுத்திக்கொண்டு பேசினால் போதும். அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாக நேரடியாகப் பேசுவது நெடுங்காலமாகவே தடுக்கப்பட்டிருப்பதால், இந்தக் குரல் செய்திதான் எங்கள் வீட்டுக் கேசட்டாயிற்று. இஷா தொழுதுவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்து அத்தா பேசுவார்கள். மஞ்சளாறு அணையில் 55 அடி நிற்கிறது, காய்க்கு இவ்வருடம் விலையில்லை, கரண்ட் பில் கட்டியாயிற்று, நீ மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. இவ்வளவுதான். 2018ஆம் ஆண்டு அத்தா வஃபாத்தானார்கள். கைபேசியை அம்மா எடுத்து வைத்துக்கொண்டார்கள். அனுப்பிய செய்திகளெல்லாம் அதிலேயே இருந்தன.

ஒரே மொழி, இரு எழுத்து

மேலே செல்லுமுன் ஒன்றை விளக்க வேண்டும். கைபேசிகளை இயக்கும் மென்பொருளைத் தளம் என்கிறோம். இன்று உலகில் பெரும்பாலும் இரண்டே தளங்கள். ஒன்று கூகுளின் ஆண்ட்ராய்டு. மற்றொன்று ஆப்பிளின் ஐஓஎஸ், அதாவது ஐபோனில் உள்ளது. அத்தாவின் லூமியாவில் இருந்ததோ மைக்ரோசாப்ட் 2010இல் வெளியிட்ட விண்டோஸ் போன் என்னும் மூன்றாவது தளம். ஒரு தளத்துக்காக எழுதப்பட்ட செயலி மற்றொன்றில் ஓடாது. ஒரு தளத்தில் சேமித்ததை மற்றது தானாக வாசிக்காது.

இது நம் சமூகத்துக்குப் புதிய அனுபவமன்று. எங்கள் நன்னியிடம் அரபுத் தமிழில் அச்சான கிதாபு ஒன்று இருந்தது. மொழி தமிழ்தான், எழுத்து மட்டும் அரபு. தமிழகத்திலும் இலங்கையிலும் நம் முன்னோர் மார்க்கச் சட்டமும் மருத்துவமும் பாடல்களும் இவ்வெழுத்தில் எழுதிக் குவித்தார்கள். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூலைப் புரட்டினால் அச்செல்வத்தின் அளவு விளங்கும். பிறகு பள்ளிக்கூடங்களில் தமிழ் எழுத்து கற்ற தலைமுறை வந்தது. எவரும் அந்நூல்களைத் தடை செய்யவில்லை, எரிக்கவும் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பெட்டியில் கிதாபு மட்டும் எஞ்சியது. பட்டப்படிப்பில் வரலாறு படித்தவனாகையால் இதனை மாணவர்களுக்கு உருக்கமாகவே எடுத்துரைத்திருக்கிறேன். என் வீட்டுக் கைபேசி விஷயத்தில் அது நினைவுக்கு வராமல் போயிற்று என்பதுதான் வேடிக்கை.

ஸ்ரீபெரும்புதூர் தந்த பாடம்

நோக்கியா என்றாலே அன்று நம் மக்களுக்கு அசையாத நம்பிக்கை. 2003இல் வந்த 1100 என்ற மாடலை நினைத்துப் பாருங்கள். தலையில் டார்ச் விளக்கோடு வந்த அந்தச் சிறிய கைபேசி உலகெங்கும் 25 கோடி அளவில் விற்றது. 2006இல் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் அந்நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களும், அவர்களைவிட அதிகமாக இளம்பெண்களும் அங்கே வேலைக்குப் போனார்கள்.

ஆனால் தொடுதிரைக் காலம் வந்தபோது நோக்கியா பின்தங்கியது. தன் பழைய சிம்பியன் தளத்தைக் கைவிட்டு, விண்டோஸ் போனுக்கு மாறுவதாக 2011 பிப்ரவரியில் அறிவித்தது. 2013 செப்டம்பரில் கைபேசித் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்க உடன்பட்டது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தது. வரி வழக்கு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேராமல் தனித்து நின்றது. 2014 நவம்பர் 1ஆம் தேதி அதன் உற்பத்தி நின்று போயிற்று. அத்தாவின் கைக்கு லூமியா வந்ததும் அதே ஆண்டுதான்.

ஆலையின் கதை அப்படியென்றால், தளத்தின் கதை வேறு வகையில் முடிந்தது. பயன்படுத்துவோர் குறைவாக இருந்ததால் செயலி எழுதுவோர் வரவில்லை. செயலிகள் இல்லாததால் வாங்குவோர் மேலும் குறைந்தனர். ஆளில்லாத சந்தையில் கடை போடுவார் யார்? விண்டோஸ் கைபேசிகளில் 2019 டிசம்பர் 31க்குப் பிறகு தன் செயலி இயங்காது என்று வாட்ஸ்அப் நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. மைக்ரோசாப்டும் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு அத்தளத்துக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது.

அந்த டிசம்பர்

அம்மாவுக்கோ கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிறிய எழுத்து தெரியவில்லை. எப்படியும் மாற்ற வேண்டியதுதானே என்று, 2019 டிசம்பர் கடைசி வாரத்தில் ஆறரை அங்குலத் திரையுள்ள ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை வாங்கி வந்தேன். பழையதிலிருந்து சிம் அட்டையை எடுத்துப் புதியதில் போட்டேன். வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தேன். எழுத்தின் அளவைக் கூட்டினேன். பேரப்பிள்ளைகளின் படங்கள் பெரிதாக மின்னின. பத்தே நிமிடத்தில் காரியம் முடிந்ததென்று எனக்குப் பெருமிதம்.

இரண்டு நாள் கழித்து, மதரஸாவிலிருந்து திரும்பி வந்து உணவுக்கு அமர்ந்த வேளையில் அம்மா கேட்டார்கள்:

"ஏம்ப்பா, அத்தா பேசுனதெல்லாம் இதுல எங்கிட்டு இருக்கு?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. புதிய கைபேசியில் எதுவும் இல்லை. பழையதைத் திறந்தால், இந்த எண் இக்கைபேசியில் பதிவாகவில்லை என்ற அறிவிப்பு மட்டும் நின்றது. ஓர் எண்ணுக்கு ஒரு கைபேசிதான் என்பது அன்றைய ஏற்பாடு. புதியதில் பதிந்தால் பழையது பூட்டிக்கொள்ளும். துபைக்குத் தொலைபேசினேன். அண்ணனிடம் எல்லாம் இருக்கும் என்று நம்பினேன். அவரோ சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "தம்பி, நான் போன வருஷம் ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு மாறுனேன்ல, அப்பவே போச்சு. உங்கிட்ட இருக்குன்னுதான் நான் கவலைப்படல" என்றார். அவருக்கு நான் சாட்சி, எனக்கு அவர் சாட்சி. இருவரும் ஒருவரையொருவர் நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

வாசகர்களே, இங்கே எந்த நிறுவனத்தின் மீதும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாத இறுதிக்குள் மாறிவிடுங்கள் என்ற அறிவிப்பு வந்துகொண்டேதான் இருந்தது. உரையாடல்கள் ஒரு தளத்திலிருந்து வேறு தளத்துக்கு வாரா என்பதும் மறைக்கப்பட்ட செய்தியன்று. ஆண்ட்ராய்டில் காப்பு நகல் கூகுள் கணக்கில் சேரும். ஐபோனில் ஐகிளவுடில் சேரும். ஒன்றன் பெட்டியை மற்றதன் சாவி திறக்காது. படித்தவன் நான்தான் படிக்காமல் விட்டேன்.

அன்று தேதி 29. இரண்டு நாள் மிச்சமிருந்தன. என்னிடம் படித்து, கணினித் துறைக்குச் சென்ற மாணவர் ஒருவரை அழைத்தேன். அவர் சொன்ன வழி எளியது: சிம் அட்டையைப் பழைய கைபேசியிலேயே திரும்பப் போட்டு, அதே எண்ணை அங்கே மீண்டும் பதிவு செய்யுங்கள், எதையும் நீக்காதீர்கள், திறந்துகொண்டால், குரல் செய்திகளை ஒவ்வொன்றாக உங்கள் எண்ணுக்கு அனுப்பி வையுங்கள். அவ்வாறே செய்தோம். சரிபார்ப்பு எண் வரும் வரை அம்மா தஸ்பீஹை உருட்டியபடி அருகிலேயே அமர்ந்திருந்தார்கள். கைபேசி திறந்தது. உரையாடல்கள் இருந்தன.

குரல் செய்திகளை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பிடித்து என் எண்ணுக்கு அனுப்பினேன். முப்பத்துநான்கு வந்து சேர்ந்தன. ஏழு வரவில்லை. செய்தி இருந்த இடத்தில் அதன் நீளமும் தேதியும் தெரிந்தன, ஒலி இல்லை. முந்தைய ஆண்டு, நினைவகம் நிரம்பிவிட்டது என்று கைபேசி திரும்பத் திரும்ப எச்சரித்தபோது, அதனைச் சுத்தம் செய்தவன் நான். எதை நீக்குகிறேன் என்று பாராமல் பழைய ஒலிக்கோப்புகளைக் கழித்திருக்கிறேன். அம்மாவிடம் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பிறகொரு நாள், "அவுக கம்பத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாக, அத மட்டும் காணோம்" என்றார்கள். அது அந்த ஏழில் ஒன்று.

இன்று நிலைமை என்ன?

அன்று இல்லாத வழி இன்று இருக்கிறது. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு உரையாடல்களைக் கொண்டு செல்லும் வசதியை வாட்ஸ்அப் 2021 ஆகஸ்டில் அறிவித்தது. முதலில் சாம்சங் கைபேசிகளுக்கும், பின்னர் பிற ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் அது வந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவோருக்கு 2022ஆம் ஆண்டின் நடுவில் கிடைத்தது. படங்களும் குரல் செய்திகளும் சேர்ந்தே செல்லும். யார் எப்போது அழைத்தார்கள் என்ற பதிவு வராது.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. இரண்டிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய கைபேசி உபயோகிக்கப்படாததாகவோ, முழுவதும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரப்பட்டதாகவோ இருக்க வேண்டும். ஐபோனிலிருந்து வருவதென்றால் இரண்டையும் இணைக்கக் கேபிள் வேண்டும். பழைய ஐபோன்களில் சார்ஜ் செய்யும் துளை வேறு வடிவம். 2023இல் வந்த ஐபோன் 15 முதற்கொண்டுதான் மற்றக் கைபேசிகளைப் போல டைப்-சி. ஆகவே கடையில் புதிய கைபேசியைக் கையில் வாங்கியதும், விற்பவர் ஆர்வத்தோடு சிம் அட்டையைப் போட்டு எல்லாவற்றையும் தொடங்கித் தர முன்வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அவர் உங்களுக்கு உதவுவதாகவே நினைப்பார். அந்தப் பத்து நிமிட உதவியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மற்றொரு சங்கடம் உண்டு. எழுத்துப் பலகை மாறினால் விரல் தடுமாறும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் கைபேசிக்கென்று வெளியிட்ட செல்லினம் இரு தளங்களிலும் கிடைக்கிறது. அதனை இட்டுக்கொண்டால் பழகிய முறையிலேயே எழுதலாம். காசு கொடுத்து வாங்கிய செயலிகளை மட்டும் மறந்துவிடுங்கள். ஒரு கடையில் வாங்கியது மறு கடையில் செல்லாது. மறுபடி வாங்க வேண்டியதுதான்.

பழைய கைபேசியை விற்பதானால் அவசரம் வேண்டாம். நம் வீட்டுப் பெண்களின் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வங்கிச் செய்திகள் எல்லாம் அதில் இருக்கும். வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதையும் அழித்த பின்னரே பிறர் கையில் கொடுங்கள். சிம்மை எடுத்துவிட்டாலே எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள்.

இனி, பெரிய திரையைப் பற்றிச் சில வார்த்தை. 2011இல் சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையோடு கேலக்ஸி நோட்டை வெளியிட்டபோது, இதைக் காதில் வைத்துப் பேசுவதா, பலகையில் மாவு தேய்ப்பதா என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஆப்பிளே 2014இல் 5.5 அங்குலத்துக்கு வந்துவிட்டது. இன்று ஆறரை அங்குலம் சர்வ சாதாரணம். அம்மாவுக்கு இது பெரும் பாக்கியமாகவே அமைந்தது. விரும்பிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் குர்ஆனை ஓதுகிறார்கள். யார் அழைக்கிறார்கள் என்று கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. ஆனால் ஒரு கையில் பிடித்து இயக்க முடியவில்லை. படுத்துக்கொண்டு பார்த்தபோது முகத்தில் விழுந்து மூக்கு வீங்கியதும் நடந்தது. எங்களைப் போன்றோருக்கு வேறொரு தொல்லை. சட்டைப் பையில் பாதி வெளியே நிற்கும் பெரிய கைபேசி, ருகூவில் குனிந்ததும் வழுக்கி முன்வரிசைக்காரரின் குதிகாலுக்குப் போய்விடும். பள்ளிவாசலுக்கு வரும்போது வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். மனம் வராவிட்டால் ஜிப்பாவின் பக்கப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த முப்பத்துநான்கு செய்திகளையும் இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன்: என் கைபேசியில், ஒரு பென் டிரைவில், பெரியகுளத்திலிருக்கும் என் தங்கையின் கணினியில். வாட்ஸ்அப்புக்குள் மட்டும் விட்டு வைக்கவில்லை; தனிக் கோப்புகளாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதியிட்டுப் பெயர் வைத்திருக்கிறேன். "மஞ்சளாறு 55 அடி" என்று ஒன்று. "கரண்ட் பில்" என்று ஒன்று. லூமியா அலமாரியில் நன்னியின் கிதாபோடு இருக்கிறது. சார்ஜ் ஏற்றினால் இன்றும் விளக்கு எரியும்.

சென்ற வாரம் அண்ணன் அழைத்தார். அவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கையிலிருக்கும் 4.7 அங்குல ஐபோன் 8இல் எழுத்து தெரியவில்லையாம். பெரிய ஆண்ட்ராய்டு கைபேசிக்கு மாறப் போகிறார். இந்த ஆறேழு ஆண்டுகளாக அம்மா அனுப்பிய குரல் செய்திகளெல்லாம் அந்த ஐபோனில்தான் இருக்கின்றன. அம்மாவின் கைபேசியிலும் இருக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். "புதுசை வாங்குங்க, ஆனா பிரிக்காதீங்க. பெருநாளுக்கு வரும்போது ரெண்டையும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறேன். ஐபோனுக்கும் டைப்-சிக்கும் பொருந்தும் கேபிளை நேற்றே பெரியகுளத்தில் வாங்கி வைத்துவிட்டேன்.